ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டால்...

என் கணவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்துப் போட்ட ஃபிஸ்டுலா இருமுறை அடைத்துவிட்டது. புதுவகைச் செயற்கை ரத்தக்குழாய் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா? – வாசகி, மதுரை

பயப்படாதீர்கள் அம்மா, விசாரித்துவிட்டுச் சேரலாம். 1966இல் ஃபிஸ்டுலாவே புது முயற்சியாகத்தான் வந்தது. முதலில், டாப்ளர் ஸ்கேன் பார்த்து மேல்கையில் சொந்த ரத்தக்குழாயிலேயே போட வழியுண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லையென்றால், கையெழுத்துப் போடுமுன் ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடு) பதிவு எண்ணை வாங்குங்கள். ஒப்புதல் படிவம் தமிழிலேயே வேண்டும். ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் சட்டப்படி உங்கள் உரிமை. பாதியில் விலகினாலும் வழக்கமான டயாலிசிஸை மறுக்கக் கூடாது.

எதைப் பொருத்தினாலும் தினமும் காலையில் அங்கே விரல் வைத்துப் பாருங்கள். 'கிர்ர்' என்ற அதிர்வு தெரிய வேண்டும். நின்றுபோயிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்க யாரையும் விடாதீர்கள்.