வயிறு நிறையும், கலோரி குறையும்: பந்தல் காய்களும் மோரும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த பழமையான ஊர் வாலிகண்டபுரம். இவ்வட்டாரத்தில் கரிசல் நிலம் மிகுதி. மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றுப் பாசனத்தில் சின்ன வெங்காயமும் பயிரிடப்படுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன் இப்பயிர்களுக்கான உழைப்பு முழுவதும் மனிதனுடையதும் மாட்டினுடையதும் ஆகும். ஏர் பிடிப்பதும், கவலை இறைப்பதும், கதிர் அடிப்பதும் உடம்பால் செய்த வேலைகள். இன்று டிராக்டர் உழுகிறது. மோட்டார் நீர் இறைக்கிறது. மக்காச்சோளத்தை எந்திரம் உதிர்க்கிறது. வயலுக்குப் போவதும் மோட்டார் சைக்கிளில்தான். வேலை குறைந்துவிட்டது. ஆனால் தட்டில் விழும் சோற்றின் அளவு பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

இதன் விளைவை மருத்துவமனைகளில் காண்கிறோம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு இந்நோய் இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. இது நகரத்தார் நோய் என்று இருந்துவிட முடியாது. நாட்டின் கிராமங்களிலும் நூற்றுக்கு 9 பேர் அளவில் இது பரவியிருக்கிறது.

உழைப்பும் உணவும்

உணவு உடலுக்குத் தரும் சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகிறோம். ஒரு லிட்டர் நீரின் வெப்பத்தை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான சக்தியே உணவுக் கணக்கில் ஒரு கலோரி. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தருகின்றன. கொழுப்பு 9 கலோரி தருகிறது. தண்ணீர் ஒன்றும் தருவதில்லை. இக்கட்டுரையில் சொல்லப்போவது அனைத்தும் இந்தச் சிறு கணக்கில் அடங்கிவிடும்.

கடினமாக உழைக்கும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 3470 கலோரி தேவை என்றும், மிதமான உழைப்புக்கு 2710, உட்கார்ந்த வேலைக்கு 2110 போதும் என்றும் 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வரையறுத்தது. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவை முறையே 2720, 2130, 1660 ஆகும். கடின உழைப்பிலிருந்து மிதமான உழைப்புக்கு இறங்கிய ஓர் ஆணுக்கு நாள்தோறும் 760 கலோரி மிகுதியாகிறது. இது ஏறக்குறைய 600 கிராம் சோற்றுக்குச் சமம்.

அப்படியானால் சோற்றைப் பாதியாகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். குறைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாலை நான்கு மணிக்கு வயிறு கேட்கும். தேநீர்க் கடைக்குப் போய் இரண்டு வடையும் ஒரு தேநீரும் எடுத்துக்கொண்டால் மிச்சம் பிடித்ததில் பாதி திரும்பி வந்துவிடும். வயிறு நிறைந்தது என்ற உணர்வு பெரும்பாலும் உணவின் பருமனாலும் எடையாலும் வருகிறது. ஆகவே தட்டின் பருமன் குறையாமல் கலோரியைக் குறைக்க வழி காண வேண்டும். அதற்கான பொருள்கள் நம் கிணற்று மேட்டிலும் கொல்லையிலும் இருக்கின்றன. இவை பத்திய உணவுகள் அல்ல; விருந்திலும் இடம்பெறுபவையே.

பந்தல் காய்கள்

கொடிக் காய்களில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் நீர்தான். உரிக்காத நார்ச்சத்தும் சிறிது உண்டு. ஆகவே 100 கிராம் வெண்பூசணியில் 10 கலோரியும், சுரைக்காயில் 12-ம், வெள்ளரியில் 13-ம், பீர்க்கங்காயில் 17-ம், புடலங்காயில் 18-ம், மஞ்சள் பூசணியில் 25-ம் மட்டுமே உள்ளன. அதே 100 கிராம் சோற்றில் சுமார் 125 கலோரி, உருளைக்கிழங்கில் 97. ரகத்துக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப இவை சற்று மாறலாம். நம் நாட்டு உணவுகளை இவ்வாறு பகுத்து அட்டவணையிடும் பணி நீலகிரியில் குன்னூரிலிருந்த ஆய்வுக்கூடத்தில்தான் வளர்ந்தது. முதல் அட்டவணை 1937-இல் அங்கிருந்து வெளிவந்தது. 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்ற அந்த ஆய்வுக்கூடமே இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

புடலங்காய்க் கூட்டு ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நால்வருக்கு 800 கிராம் புடலங்காய், 80 கிராம் பாசிப்பருப்பு, 30 கிராம் தேங்காய்த் துருவல், தாளிக்க இரண்டு தேக்கரண்டி எண்ணெய் தேவை. பருப்பை மலர வேகவைத்து, நறுக்கிய காயையும் மஞ்சள்தூளையும் சேர்த்து, காய் வெந்ததும் தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்த விழுதையும் உப்பையும் இட்டு ஒரு கொதியில் இறக்க வேண்டும். கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, நான்கு சின்ன வெங்காயம் தாளித்தால் மணம் தெருவுக்கு வரும். ஒருவர் பங்குக்கு ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கிடைக்கும். கலோரியோ 160 அளவில்தான். இதில் காயின் பங்கு 36 மட்டுமே. மற்றவை பருப்பும் தேங்காயும் எண்ணெயும் தருவன.

இனி ஒரு மதிய உணவை ஒப்பிடலாம். 500 கிராம் சோறு, குழம்பு, மூன்று தேக்கரண்டி எண்ணெயில் வதக்கிய 100 கிராம் உருளைக்கிழங்கு வறுவல் என்று உண்டால் 950 கலோரியைத் தொடும். சோற்றை 300 கிராமாக்கி, மேற்சொன்ன கூட்டு ஒரு கிண்ணம், ரசம், ஒரு டம்ளர் மோர் என்று உண்டால் 600 கலோரிக்குள் முடியும். தட்டின் எடை இரண்டாவதில் குறையவில்லை. 2024-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் காய், கீரை, பழம், கிழங்கு ஆகியவை தட்டில் பாதி இடம்பெற வேண்டும் என்கிறது. நம் வீடுகளில் காய் என்பது சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டி. அதைச் சோற்றுக்கு ஈடாக வைப்பதே இங்கு கேட்கப்படும் மாற்றம்.

வெண்பூசணி மோர்க்குழம்பு, சுரைக்காய்ப் பால்கூட்டு, பீர்க்கங்காய்த் தோல் துவையல், சுட்ட கத்தரிக்காய்க் கொத்சு, தக்காளி ரசம் ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. வாழைத்தண்டில் 42 கலோரி உண்டு. நார் மிகுதியாதலால் விரைவில் பசி எடுக்காது. அரிந்தவுடன் மோரில் போட்டால் கறுக்காது என்பதை இல்லத்தரசிகள் அறிவர்.

கூழும் சப்பாத்தியும்

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் இரவில் சப்பாத்திக்கு மாறுவது வழக்கமாகிவிட்டது. 100 கிராம் கோதுமையில் 346 கலோரி; அரிசியில் 345. கம்பில் 361, சோளத்தில் 349, கேழ்வரகில் 328, வரகில் 309. தானியம் மாறுவதால் கலோரி பெரிதும் மாறுவதில்லை என்பது இதனால் விளங்கும். சிறுதானியங்களின் சிறப்பு நாரிலும் தாது உப்புக்களிலும் உள்ளது. கேழ்வரகின் சுண்ணாம்புச் சத்தும் கம்பின் இரும்புச் சத்தும் அரிசியில் இல்லை. ஆனால் மூன்று சப்பாத்திக்கு மூன்று தேக்கரண்டி எண்ணெய் தடவி, குருமாவுடன் உண்பவர் சோறு உண்டவரைவிடக் கூடுதலாகவே உண்கிறார்.

கூழின் கதை வேறு. 50 கிராம் கம்பு மாவு ஒரு பெரிய சொம்பு கூழாகிறது. மோர் விட்டுக் கரைத்தாலும் 200 கலோரி அளவுதான். மாவு குறைவு, நீர் மிகுதி. புளிப்பால் சுவையும் கூடும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் இருக்கிறது. பழைய சோற்றுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஊறுவதால் சோற்றின் கலோரி மறைந்துவிடாது. நீரோடு உண்பதால் குறைந்த சோற்றிலேயே வயிறு நிறைகிறது. நீராகாரத்தைக் கொட்டிவிட்டுச் சோற்றை மட்டும் பிழிந்து உண்டால் இப்பயன் இல்லை.

பொரியும் நல்ல தின்பண்டமே. எடைக்கு எடை அரிசியைப் போன்றதுதான். ஆனால் ஒரு டம்ளர் பொரியின் எடை 15 கிராம் அளவே இருக்கும். வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித்தழை, எலுமிச்சைச் சாறு கலந்தால் மாலை நேரத்துக்கு 70 கலோரியில் ஒரு கிண்ணம் கிடைக்கும். ஒரு பருப்பு வடை மட்டுமே ஏறக்குறைய 100 கலோரி.

எண்ணெய்

காய் எவ்வளவு இலேசானதாயினும் வாணலியில் ஊற்றும் எண்ணெய் அதைக் கெடுத்துவிடும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 45 கலோரி. கால் கிலோ புடலங்காயும் அதே 45 கலோரிதான். நல்லெண்ணெய், கடலெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், நெய் என்ற வேறுபாடு இக்கணக்கில் இல்லை. செக்கில் ஆட்டியதாலும் கலோரி குறைவதில்லை.

நால்வர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாள்தோறும் 30 கிராம், அதாவது 270 கலோரி ஆகிறது. மாதம் ஒரு லிட்டரைக் குறைத்தால் ஆளுக்கு 68 கலோரி குறையும், கைச்செலவும் மிச்சம். பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுவது ஒன்றே இதற்குப் போதும். கத்தரிக்காயும் வெங்காயமும் எண்ணெயை உறிஞ்சுபவை. அவற்றைச் சிறிது நீர் தெளித்து மூடி வேகவைத்து, கடைசியில் தாளித்துக் கொட்டினால் சுவை குறையாது.

குடிப்பவையும் பழங்களும்

கடைந்து வெண்ணெய் எடுத்த மோரில் 100 கிராமுக்கு 15 கலோரியே உள்ளது. இஞ்சி, பெருங்காயம், கறிவேப்பிலை சேர்த்த ஒரு டம்ளர் மோர் 30 கலோரி. கடையில் விற்கும் கால் லிட்டர் இனிப்புச் சோடாவில் 100 கலோரிக்கு மேல் சர்க்கரையாகவே இருக்கிறது. களை எடுப்பவர்களுக்கு இதை வாங்கித் தரும் வழக்கம் பரவி வருகிறது. பானை மோர் இருக்கும்போது இது ஏன் என்று தெரியவில்லை. சர்க்கரை இரண்டு தேக்கரண்டி இட்ட தேநீர் நாளுக்கு ஐந்து குடிப்பவர் சர்க்கரையில் மட்டும் 200 கலோரி சேர்க்கிறார்.

கோடையில் நுங்கு கிடைக்கும். 100 கிராமில் 29 கலோரிதான். அதே மரத்துப் பதநீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சர்க்கரை ஆதலால் அதை அளவோடு அருந்த வேண்டும். பழங்களில் தர்பூசணி 16, பப்பாளி 32, கொய்யா 51. வாழைப்பழம் 116, பலாச்சுளை 88. பின்னவை தீயவை என்பதல்ல. உழைப்பவருக்கு அவை நல்ல உணவு. நிலக்கடலையும், ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரியும் 100 கிராமுக்கு 550 கலோரிக்கு மேல் தருவன; ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

யாருக்கு இது பொருந்தாது?

வளரும் குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், நாள் முழுதும் களை எடுக்கும் பெண்கள் ஆகியோர் சோற்றையோ பருப்பையோ குறைக்கக் கூடாது. வீட்டில் கடைசியாக உண்பவர் பெரும்பாலும் குடும்பத் தலைவியே. கணவருக்காகச் சமைத்த இலேசான உணவில் மீந்ததை மட்டும் அவர் உண்பாரானால் அவருக்குச் சோகை வரும். அவருக்குப் பருப்பு, முட்டை, முருங்கைக் கீரை தனியே வேண்டும். முருங்கைக் கீரையில் 92 கலோரி உண்டு. ஆயினும் அது தரும் சத்துக்கு அது குறைவே. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் உணவைத் திடீரெனக் குறைத்தால் மயக்கம் வரலாம். மருத்துவரிடம் கூறிய பின்னரே மாற்ற வேண்டும்.

சுரைக்காயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எடை குறையும் என்று பச்சைச் சுரைக்காயைச் சாறு பிழிந்து குடிக்கும் பழக்கம் உண்டு. கசக்கும் காயில் நச்சுப்பொருள் இருக்கும். 2010-இல் தில்லியில் அறிவியலாளர் ஒருவர் கசந்த சாற்றைக் குடித்து உயிரிழந்தார். காயை அரிந்ததும் ஒரு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் உடனே துப்பிவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். சமைத்தாலும் கசப்பு நீங்காது.

வீட்டுக்கு இரண்டு குழி

சந்தைக்குக் காய் அனுப்பும் வீட்டில் சமையலுக்குக் காய் இல்லாத நிலையைக் காண்கிறோம். குளியலறை நீர் ஓடும் இடத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி இரண்டு எடுத்து, குழிக்குப் பத்து கிலோ மக்கிய தொழு உரம் இட்டு, ஆடியிலோ தையிலோ ஐந்து விதை ஊன்றலாம். 15 நாள் கழித்து நல்ல செடிகள் இரண்டை விட்டு மற்றவற்றைக் களைய வேண்டும். புடலையில் கோ 2 ரகம் ஒரு அடி நீளமே காய்ப்பதால் தாழ்ந்த பந்தலுக்கும் ஏற்றது. நீண்ட ரகங்களில் நுனியில் கல் கட்டுவது சந்தையில் நேரான காய்க்கு விலை கிடைக்கும் என்பதற்காகத்தான். வீட்டுக் குழம்புக்கு வளைந்த காய் போதும். வெண்பூசணியிலும் சிறு காயாகக் காய்க்கும் கோ 2 வீட்டுக்கு வசதியானது.

பழ ஈ குத்திய காய்களைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். கொடிக் காய்களுக்குக் கந்தகத் தூள் தூவினால் இலை கருகும் என்பதை நினைவில் கொள்க. காய் முற்றும் முன் பறித்தால் கொடி தொடர்ந்து காய்க்கும். பிஞ்சில் சுவையும் மிகுதி. விதைக்கும் ஆலோசனைக்கும் இவ்வட்டார உழவர்கள் வாலிகண்டபுரத்திலுள்ள ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.