இரட்டையரில் ஒருவனுக்குக் குரல் கொடுக்கும் தம்பிக்கு

சைதாப்பேட்டை



நீ சாதகத்துக்காகத் தமிழில் பேசிப் பதிவு செய்து அனுப்பிய காட்சிகளை நிதானமாகக் கேட்டேன். பிஸ்கோ ஹட்டோரி என்ற அம்மையாரின் சித்திரக் கதையைத் தழுவி, 2006ஆம் ஆண்டில் ஜப்பானின் போன்ஸ் அனிமேஷன் நிறுவனத்தார் 26 பகுதிகளாக எடுத்த ‘ஓரான்’ உயர்நிலைப் பள்ளித் தொடரில், ஹிட்டாச்சீன் இரட்டையருள் மூத்தவனான ஹிகாருவை நீ தேர்ந்துகொண்டதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் அவன் யாரிடமும் ஒட்டாதவன் என்பதைக் காட்டுவதற்காகக் குரலைத் தாழ்த்தி, சொற்களை இழுத்து, உணர்ச்சியைத் துடைத்துவிட்டுப் பேசியிருக்கிறாயே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அலட்சியம் தொண்டையில் பிறப்பதன்று.

அவன் ஏன் அப்படி ஆனான் என்று யோசித்துப் பார். ஒருத்தி காதல் கடிதத்துடன் வருகிறாள்; ‘நீ தேடி வந்தவன் நானல்ல, என் சகோதரன்; அவனுக்குப் பதில் நான் இருந்தாலும் போதுமா?’ என்ற பாவனையில் கேட்டதும், அவள் அதற்கும் சம்மதித்துவிடுகிறாள். எவனைக் கண்டு மனம் உருகியதோ அவனுக்குப் பதில் இன்னொருவன் இருந்தாலும் சரியே என்று பிறர் நினைக்கும்போது, அந்தப் பிள்ளைகளின் உள்ளத்தில் உண்டாகும் அவமானத்தைத்தான் நாம் வெளியே நின்று கர்வம் என்று பெயரிட்டு அழைக்கிறோம். ‘எங்களில் ஹிகாரு யார்?’ என்று அவர்கள் நடத்தும் விளையாட்டிலே கேலியைக் காட்டிலும் ஏக்கமே அதிகம். ஹாருஹி என்ற பெண் பிழையின்றி இனம் கண்டு சொல்லும்வரை அந்த ஏக்கம் தீரவுமில்லை.

இந்த விஷயம் நம்மவருக்குப் புதிதன்று. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘உத்தம புத்திர’னில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கியது முதல், தமிழ்ப் படங்களில் ஒரே முகம் படைத்த இருவர் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவற்றுள் பலவும், ‘எங்க வீட்டுப் பிள்ளை’ உட்பட, கோழையும் தீரனும் இடம் மாறுவதால் விளையும் சுவாரஸ்யத்தோடு நின்றுவிடுபவை. உனக்கு அவை அதிகம் உதவமாட்டா. நீ சிரத்தையுடன் பார்க்க வேண்டியது 1949இல் ஜெமினி வெளியிட்ட ‘அபூர்வ சகோதரர்கள்’. ஒட்டிப் பிறந்து பிரிக்கப்பட்டவர்களுள் விஜயன் படும் இன்பமும் துன்பமும் எங்கோ இருக்கும் விக்கிரமனின் உடலிலும் மனத்திலும் எழுகின்றன. சகோதரனின் காதலி மீதே அவனுக்கும் ஆசை பிறக்கிறது. தன் உணர்ச்சி தன்னுடையதுதானா என்றே அறியமுடியாத ஒருவனின் கொந்தளிப்பை நடிகர் எம். கே. ராதா காட்டியிருப்பதை நுணுகிக் கவனித்தால், ஹிகாருவும் அவன் தம்பி கௌருவும் ஒரே பெண்ணிடம் மனம் வைத்துத் தவிக்கும் இடங்களுக்கு வேண்டிய திறவுகோல் உனக்கு அங்கே கிடைக்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் ஒரே நடிகர் இரண்டு உருவமாகத் தோன்ற வேண்டுமானால், காமிராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, பிலிமைத் திருப்பிச் சுற்றி மறுபாதியிலும் எடுப்பார்கள். ஆகவே அந்த நடிகர் வெற்றிடத்தைப் பார்த்துப் பேசிவிட்டு, தாமே பிறகு சொல்லப்போகும் மறுமொழிக்கு உரிய இடைவெளியையும் கணக்கிட்டு நின்றாக வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனி அறையில் நிற்கும் உன் நிலைமையும் அதுவே. ஜப்பானிலோ குரல் நடிகர்கள் ஒரே அறையில் சேர்ந்து நின்று பேசுவதே நெடுநாளைய வழக்கம். இந்தத் தொடரிலும் ஹிகாருவுக்குக் கெனிச்சி சுசுமுராவும் கௌருவுக்கு யோஷினோரி ஃபுஜிதாவும் என இருவர் குரல் தந்தார்கள். உனக்கு அந்தத் துணை வாய்க்கவில்லையாதலால், மற்றவனின் வசனத்தை முதலில் நீ மனப்பாடம் செய்தாக வேண்டும். உலகத்தார் பேச்சு எதுவும் காதில் ஏறாத ஹிகாருவுக்குச் சகோதரனின் மூச்சு மட்டும் கேட்கும். அந்த ஒரு குரலுக்கு அவன் உடனே திரும்புவதும், மற்றவர்களுக்குச் சற்றுத் தாமதித்துத் திரும்புவதுமே அவன் குணம். அந்தத் தாமதம் உன் பதிவில் எங்குமே இல்லை.

தமிழில் இதைச் செய்ய உனக்கு ஒரு சௌகரியமும் உண்டு. நம் பேச்சில் அண்ணா, அக்கா, சார், டா, ப்பா என்று அழைக்காமல் இரண்டு வாக்கியம் நகராது. மாலையில் நம் சைதாப்பேட்டை ரயில் நிலையப் படிக்கட்டிலோ பஜார் சாலையிலோ பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேள்: எவன் யாரையும் விளித்துப் பேசாமல் ‘ம்’, ‘தெரியல’, ‘பாக்கலாம்’ என்று முடித்துக்கொள்கிறானோ அவன்தான் விலகி நிற்பவன். ஹிகாரு பிறரிடம் பேசும்போதெல்லாம் இந்த விளிகளை அடியோடு எடுத்துவிட்டு, கௌருவிடம் மட்டும் ‘டா’ என்று பேசவிடு. குரலைத் தாழ்த்தாமலே அவனுடைய ஏகாந்தம் கேட்பவருக்குப் புலப்பட்டுவிடும். சில மணித்துளி முன் பிறந்த உரிமையை வைத்து அவனை ‘அண்ணா’ என்று கௌரு அழைப்பதாக எழுதிவிடாதே. அந்த மரியாதை அவர்களுக்கிடையே ஒரு சுவரை எழுப்பிவிடும்.

தலைமயிருக்கு வேறு வேறு சாயம் பூசிக்கொண்டு இருவரும் சண்டையிடும் பகுதியை அடுத்தபடியாகச் செய். ஆனால் கௌருவின் வசனம் முழுவதையும் உன் குரலிலேயே பதிவு செய்து, அதைக் காதில் கேட்டுக்கொண்டு ஹிகாருவைப் பேசு. இரண்டு பதிவையும் சேர்த்தே எனக்கு அனுப்பு.