மினுக்கும் பித்தளையும் மெய்யான தரமும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ரைபிள் தோட்டாவின் அங்கங்கள் நான்கு: குண்டு, மருந்து, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு. சுட்ட மாத்திரத்தில் முதல் மூன்றும் செலவாகிவிட, கூடு ஒன்றே கைக்குத் திரும்பி வருகிறது. அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு மறுபடியும் தோட்டாவாக்கிக்கொள்வது, அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் இலக்குப் போட்டிக்காரர்களும் தலைமுறைகளாகத் தங்கள் வீட்டுப் பட்டறைகளிலே செய்துவரும் காரியம். (நம் நாட்டிலோ, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிக்கலாகாது.) கைத்தொழில் எதிலும் நேர்வதுபோல இதிலும் அனுபவத்தோடு அபிப்பிராயங்கள் கலந்து, அவை நாளடைவில் சாஸ்திரத்தின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டன. அவற்றுள் ஐந்தை இங்கே பரிசீலிப்போம்.

அதற்கு முன் கூட்டின் கடமை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையால் ஆனது அது. ·308 வின்செஸ்டர் என்னும் பிரசித்தமான தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்தில் கூட்டின் சுவர் விரிந்து துப்பாக்கியின் தோட்டா அறையோடு ஒட்டி, வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைத்து, அடுத்த கணமே சற்றுச் சுருங்கி வெளியே வரச் சம்மதிக்க வேண்டும். இதற்குக் குண்டைக் கவ்வும் கழுத்தும் அதையடுத்த தோளும் இளகிய பதத்திலும், பிரைமர் பொருந்திய அடிப்பாகம் கடினமாகவும் இருப்பது அவசியம். ஒரே உலோகத் துண்டில் இவ்விரண்டு குணங்களையும் அதனதன் இடத்தில் நிறுத்துவதே கூடு செய்கிறவனின் சாமர்த்தியம்.

நம்பிக்கை: பளபளக்கும் கூடே உயர்ந்தது; கழுத்தில் நீலமும் பழுப்புமாய்க் கறை படிந்தது சூட்டில் கெட்டது.

உண்மை: அந்தக் கறை கேடு அன்று, கழுத்தைச் சூடேற்றிப் பதமாக்கியதற்குப் பிரத்தியட்ச சாட்சி. பித்தளையை அச்சில் அழுத்தி இழுக்கும்தோறும் அது இறுகிப்போகிறது. இறுகிய கழுத்து விரைவில் பிளக்கும் ஆகையால், கடைசியில் அதற்குச் சூடு காட்டி இளக்குகிறார்கள். அமெரிக்க ராணுவத் தோட்டாக்களிலும், பின்லாந்து தேசத்து லாபுவா நிறுவனத்தின் கூடுகளிலும் இந்தக் கறையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு பல உற்பத்தியாளர்கள் வாங்குவோர் கண்ணுக்கு இனிமையாக இருக்கட்டுமென்று தேய்த்து அகற்றிவிடுகிறார்கள். ஆகவே கறை இல்லாததைக் கண்டு குறை சொல்வதும் பிழை, இருப்பதைக் கண்டு ஒதுக்குவதும் பிழை. எச்சரிக்கை வேண்டிய இடம் வேறொன்று: வீட்டில் இந்தச் சூட்டுப் பதத்தைச் செய்கிறவர் வெப்பத்தை அடிப்பாகம் வரை பரவவிட்டால், கடினமாக இருக்க வேண்டிய பகுதி இளகி, அக்கூடு பயன்படுத்தத் தகாத அபாயப் பொருளாகிவிடும்.

நம்பிக்கை: பாத்திரம் துலக்கும் திரவத்தால் மினுக்கி வைத்தால் கூட்டுக்கு ஆயுள் கூடும்.

உண்மை: அத்திரவத்தில் அம்மோனியா இருக்குமானால் விளைவு நேர்மாறாகும். இதற்குச் சரித்திரப் பிரசித்தி பெற்ற உதாரணம் நம் தேசத்திலேயே உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்கள், ஒருவரும் தொடாமலே, குண்டைக் கவ்விய கழுத்துப் பகுதியில் வெடித்துப் பிளந்திருக்கக் கண்டார்கள். பருவத்தோடு வருகிற வியாதியாகத் தோன்றியதால் அதற்குப் பருவப் பிளவு என்றே பெயரிட்டார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், காற்றின் ஈரமும், செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் கூடிச் செய்த வேலை அது என்பதை 1921-இல் மூர், பெக்கின்ஸேல், மாலின்ஸன் என்னும் மூவர் விளக்கினார்கள். உள்ளே தங்கிய விசையை மிதமான சூட்டால் தணிப்பதே பரிகாரம் என்பதும் தெளிவாயிற்று. மினுக்கு வேண்டுவோர் கொட்டை ஓட்டுத் தூளிலோ, சோள நெட்டித் தூளிலோ கூடுகளைப் போட்டு உருட்டி எடுத்தால் போதும்.

நம்பிக்கை: ராணுவக் கூடு எப்போதும் சுவர் தடித்தது.

உண்மை: பாதி உண்மையை முழு விதியாக்கியதால் வந்த பிரமை இது. 7.62 மி.மீ. நேட்டோ கூடுகள் பொதுவாக ·308 வின்செஸ்டர் கூடுகளைவிடக் கனமானவை. உள்ளிடம் குறைவாகையால் அதே அளவு மருந்துக்கு அழுத்தம் ஏறும். எனவே மருந்தைக் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாகப் போக வேண்டும். ஆனால் 5.56 மி.மீ. வகையில், மிஸௌரி மாகாணத்து லேக் ஸிட்டி ராணுவத் தொழிற்சாலையின் கூடுகள் வியாபாரக் கூடுகள் பலவற்றுக்கு உள்ளிடத்தில் சளைத்தவை அல்ல. ராணுவக் கூட்டில் நிச்சயமாக எதிர்பார்க்க வேண்டியது பிரைமர் கழலாதபடி அதைச் சுற்றி உலோகத்தை நெருக்கியிருக்கும் கவ்வலைத்தான். அதைச் சீவி நீக்காமல் புதிய பிரைமர் ஏறாது.

நம்பிக்கை: எடை ஒன்றானால் கொள்ளளவும் ஒன்று.

உண்மை: தராசு காட்டுவது உலோகத்தின் அளவை மாத்திரமே, அந்த உலோகம் எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. வெளிவிளிம்பின் தடிப்பிலும், கூட்டைப் பிடித்திழுக்கும் பள்ளத்தின் ஆழத்திலும் உள்ள வித்தியாசம் எடையை மாற்றுமேயன்றி உள்ளிடத்தை மாற்றாது. பித்தளை தண்ணீரைப்போல ஏறக்குறைய எட்டரை மடங்கு கனமானது. ஆகவே எட்டரை கிரெய்ன் எடை வித்தியாசம் முழுவதும் உட்சுவரிலேயே இருந்தாலும், கொள்ளளவில் ஒரு கிரெய்ன் தண்ணீருக்குமேல் பேதம் வராது. உண்மையை அறிய விரும்புகிறவர், சுட்ட கூட்டின் அடியில் பழைய பிரைமர் இருக்கும்போதே வாய்வரை தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பார்க்கட்டும். கூடுகள் யாவும் ஒரே முத்திரையும் ஒரே உற்பத்தித் தொகுதியும் உடையவையாக இருந்தால் எடை பார்த்துப் பிரிப்பது ஓரளவு பயன் தரும். பல முத்திரைகள் கலந்த குவியலில் அது வீண் சிரமம்.

நம்பிக்கை: விலையுயர்ந்த கூடு எத்தனை தடவையும் தாங்கும், சுடுகளத்தில் பொறுக்கியதோ ஒரே ஒரு தடவை சுட்டதுதான்.

உண்மை: கூட்டின் ஆயுளை நிர்ணயிப்பவை அழுத்தமும், தோட்டா அறையின் அளவும், ஒவ்வொரு முறையும் அச்சில் தோளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறோம் என்பதுமே. தேவைக்கு மேல் தள்ளினால் அடுத்த தடவை சுடும்போது கூடு நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உட்சுவர் மெலிகிறது; வெளியில் ஒரு வெளிர் வளையம் தோன்றுகிறது; முடிவில் கூடு அவ்விடத்தில் இரண்டாகிவிடுகிறது. முனை வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டு உரசிப் பார்த்தால், வளையம் தோன்றுமுன்னரே அந்தப் பள்ளம் கையில் தட்டுப்படும். பிரைமர் தளர்ந்து உட்காரும் கூடும் அவ்வாறே முடிவு நெருங்கியது. எந்த முத்திரையும் அதைக் காப்பாற்றாது. பிறர் விட்டுச்சென்ற கூடு எந்தத் துப்பாக்கியில், எத்தனை தடவை, எவ்வளவு அழுத்தத்தில் சுடப்பட்டது என்பதற்கு அதன் முகத்தில் எழுத்து இல்லை.

இவ்வளவிலிருந்தும் விளங்குவது, தரம் என்பது கடையில் வாங்கும்போதே பூர்த்தியாகிவிடும் லக்ஷணம் அன்று என்பதே. நல்ல உற்பத்தியாளரிடம் நாம் விலை கொடுத்து வாங்குவது கூடுகளுக்குள்ளே ஒரு சமானத்தன்மையை. அதைக் காப்பாற்றுவது உபயோகிப்பவரின் ஒழுங்கு. ஒரே தொகுதியில் வாங்கி, ஒரே துப்பாக்கிக்கென ஒதுக்கி, எத்தனை தடவை சுட்டோம் என்று பெட்டியின்மேல் குறித்து, நீளத்தையும் கழுத்தையும் பிரைமர் குழியையும் ஒவ்வொரு முறையும் பார்த்துவருகிற ஒருவருக்கு நடுத்தர விலைக் கூடும் விசுவாசமாக உழைக்கும். கலந்த குவியலை மினுக்கி வைத்துப் பெருமைப்படுகிறவருக்கு உயர்ந்த முத்திரையும் உதவாது. சந்தேகம் தட்டிய கூட்டை, மறந்து எடுத்துவிட இடமில்லாதபடி, இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளையோடு எடைக்குப் போட்டுவிடுவதே விவேகம்.