மேற்குச் சன்னலும் கறுப்புத் திரையும்

மாணவர்களே, மாலை 4 மணிக்கு உங்கள் படிப்பறை உட்கார முடியாதபடி சூடாகிறதா? சன்னல் மேற்குப் பார்த்திருக்கலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் அந்தச் சன்னலில் மாலை வெயில் விழும்.

“கறுப்புத் திரை போட்டால் வெயில் தெரியாது” என்பார்கள். வெளிச்சம் குறையும், சரி. வெப்பம்? கறுப்புத் துணி ஒளியை உட்கவர்ந்து சூடாகிறது. சூடான துணி அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். சூரிய ஒளியை உள்ளே விட்ட கண்ணாடி, இந்தக் கதிர்களை வெளியே விடாது. எனவே வெப்பம் அறையிலேயே தங்கிவிடும். வெள்ளைத் திரையோ ஒளியின் பெரும்பகுதியை ஒளியாகவே திருப்பி அனுப்பும். அது கண்ணாடியைக் கடந்து வெளியேறும். தரைவீடுகளில் சன்னலுக்கு வெளியே தொங்கவிடும் மூங்கில் தட்டி இன்னும் சிறந்தது. வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுத்துவிடும்.

சோதித்துப் பாருங்கள்: இரு வெப்பமானிகளின் குமிழ்களில் ஒன்றைக் கறுப்புத் துணியாலும் மற்றொன்றை அதே தடிமனுள்ள வெள்ளைத் துணியாலும் சுற்றுங்கள். 15 நிமிடம் வெயிலில் வைத்து, அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எது அதிகம்? ஏன்?

வீட்டில் ஏற்கெனவே கறுப்புத் திரைதான் இருக்கிறதா? புதிது வாங்க வேண்டாம். கண்ணாடியைப் பார்த்த பக்கத்தில் வெள்ளைத் துணி ஒன்றைச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். குளிர்சாதனத்தின் வேலையும் மின்கட்டணமும் குறையும்.