பராமரிப்பு இல்லத்தில் துன்புறுத்தலும் புறக்கணிப்பும்: குடும்பத்தினருக்கான சட்டவழிகள்

ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் 2021ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. வதிவாளரை அடித்தல், ஏசுதல், அவரது பணத்தைக் கையாடுதல் போன்றவை துன்புறுத்தலாகும். உணவையோ மருந்தையோ வேளைக்கு வழங்காமை, புரட்டிவிடாது படுக்கைப்புண் உண்டாக விடுதல் போன்றவை புறக்கணிப்பாகும்.

முறையிட்டால் பெற்றோரை வெளியேற்றிவிடுவார்களோ என அஞ்சி மௌனம் காப்போர் உளர். முறைப்பாட்டைக் காரணமாகக் கொண்டு வதிவாளரை வெளியேற்றுவதையும், வெளியேற்றுவதாக அச்சுறுத்துவதையும் இச்சட்டம் தடைசெய்கிறது.

குடும்பத்தினருக்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்றை நாடுவதால் மற்றொன்று அடைபடாது.

1. முறைப்பாடு
இல்ல நிர்வாகியிடம் எழுத்தில் முறையிடுங்கள். 10 வேலைநாள்களுக்குள் பதில் தரப்படல் வேண்டும். தீங்கு நேர்ந்ததாகக் கூறப்பட்டால் விசாரணை உடனே தொடங்க வேண்டும். அப்பதிலுக்குக் காத்திராது மாகாண அமைச்சையும் அழைக்கலாம் (1-866-434-0144). துன்புறுத்தலையோ தீங்கு தரும் புறக்கணிப்பையோ நியாயமான காரணத்துடன் ஐயுறுபவர் உடனடியாக அமைச்சின் பணிப்பாளருக்கு அறிவிக்க வேண்டுமென 28ஆம் பிரிவு விதிக்கிறது. அமைச்சின் பரிசோதகர்கள் இல்லத்திற்குக் கட்டளையிடலாம்; எனினும் இவ்வழியில் நட்டஈடு கிடைக்காது.

2. பொலிஸ்
தாக்குதல், பாலியல் வன்முறை, திருட்டு ஆகியன குற்றங்கள். உடனடி ஆபத்தெனில் 911ஐ அழையுங்கள்.

3. நட்டஈட்டு வழக்கு
பொதுவாக, தீங்கு தெரியவந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். வதிவாளர் இறந்துவிடின், அவரது சொத்துப் பொறுப்பாளர் தொடரும் வழக்கிற்குரிய 2 ஆண்டுகள் இறந்த நாளிலிருந்தே கணிக்கப்படும். உண்மை பிற்பாடு தெரியவந்தது என்பது பொதுவாகக் காலத்தை நீட்டாது. ஆகவே, ஈமக்கடன்கள் முடிந்தபின் தாமதியாது சட்டத்தரணியை நாடுங்கள். வாழ்க்கைத்துணை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரும் தத்தம் இழப்புக்காக நட்டஈடு கோரலாம்.

சான்றுகள்
காயங்களைத் திகதியுடன் படமெடுங்கள். அன்றன்று கண்டதையும், பணியாளரின் பெயரையும், பெற்றோர் கூறியதை அவர்தம் சொற்களிலேயும் எழுதிவையுங்கள். தமிழில் எழுதினாற் போதும், பின்னர் மொழிபெயர்க்கலாம். மருத்துவப் பதிவுகளின் பிரதியை வதிவாளரோ, அவர் முடிவெடுக்க இயலாதவராயின் அவர்சார்பில் முடிவெடுக்கும் சட்ட உரிமையுடையவரோ கோரலாம்.

கவனிக்க: ஓய்வுகால இல்லங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு; அவை குறித்த முறைப்பாட்டிற்கு 1-855-275-7472. குறைந்த வருமானமுடைய முதியோருக்கு ரொறன்ரோவிலுள்ள 'அட்வகசி சென்டர் ஃபோர் த எல்டர்லி' இலவச சட்ட உதவி வழங்குகிறது.

இது பொதுத் தகவலே; சட்ட ஆலோசனை அன்று.