கன்ட்ரோலர் காட்டும் எண்ணும் எஃகின் சூடும்

டை, பஞ்ச், கத்தி போன்ற கருவிகளைச் செய்யும் சிறு பட்டறைக்கு ஏற்ற வெப்பப் பதப்படுத்தும் உலை, மின்சாரத்தில் இயங்கும் பெட்டி உலைதான். கோவை, அம்பத்தூர், ஓசூர் பட்டறைகளில் பரவலாகக் காணப்படுவதும் இதுவே. வெப்பம் தாங்கும் ஓர் அறை, அதன் சுவரோரம் ஹீட்டர் சுருள்கள், அறைக்குள் நீட்டிய ஒரு தெர்மோகப்பிள், வெளியே கன்ட்ரோலர் பெட்டி ஆகியவை அதன் உறுப்புகள். வேக்குவம் உலையில் வேலை பளபளப்பாக வெளிவரும் என்பது உண்மை. ஆனால் அதன் விலையும் பம்புகளின் பராமரிப்பும் சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. முறையாகக் கையாளப்படும் பெட்டி உலை டை வேலைக்குப் போதும். அதைப் பழைய முறை என்று ஒதுக்குவது தவறு.

உலை வாங்கும்போது உச்ச வெப்பநிலையை மட்டும் பார்க்கக் கூடாது. ஹீட்டர் கம்பி எப்போதும் அறையைவிடக் கூடுதல் சூட்டில்தான் இருக்கும். 80/20 நிக்ரோம் கம்பி ஏறக்குறைய 1200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கான்தால் ஏ-1 கம்பி 1400 டிகிரி வரை தாங்கும். டி2 எஃகை 1020 டிகிரியில் ஹார்டனிங் செய்யும் பட்டறைக்கு இரண்டாவதே சரி. ஒருமுறை சூடேறிய கான்தால் கம்பி நொறுங்கும் தன்மை அடைவதால், ஆறிய நிலையில் அதை வளைக்கக் கூடாது. செராமிக் ஃபைபர் உள்பூச்சு சீக்கிரம் சூடேறும், மின்சாரம் மிச்சமாகும். இன்சுலேஷன் செங்கல் அடிபட்டாலும் தாங்கும். செங்கல் உலையின் முதல் சூட்டில் ஈரம் வெளியேறும்படி மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும்.

இவையெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். பட்டறைக்குப் பெரும் நட்டம் வரும் இடம் வேறு. தெர்மோகப்பிளையும் கன்ட்ரோலரையும் இணைக்கும் ஒயர்தான் அது.

இரு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்து, இரு முனைகளுக்கும் இடையே வெப்ப வேறுபாடு உண்டாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். சீபெக் 1821இல் கண்ட இந்த விளைவே தெர்மோகப்பிளின் அடிப்படை. பட்டறைகளில் மிகுதியும் பயன்படும் கே வகையில் 1000 டிகிரிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 41 மில்லிவோல்ட். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.04 மில்லிவோல்ட். இந்த மின்னழுத்தம் வெப்ப வேறுபாட்டை மட்டுமே சொல்லும். கன்ட்ரோலர் தன் டெர்மினலின் சூட்டைத் தனியே அளந்து, அதைக் கூட்டித்தான் உலையின் வெப்பநிலையைக் காட்டுகிறது. ஆகவே தெர்மோகப்பிளின் உலோகத் தன்மை கன்ட்ரோலரின் டெர்மினல் வரை தொடர வேண்டும். காம்பென்சேட்டிங் கேபிள் இருப்பது இதற்காகத்தான்.

உலையை நிறுவ வரும் ஆட்கள் அந்தக் கேபிள் தீர்ந்துவிட்டால் கையில் இருக்கும் சாதாரணத் தாமிர ஒயரைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். உலை ஓடும், எண் தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் கன்ட்ரோலர் டெர்மினலில் இருக்க வேண்டிய குளிர்முனை தெர்மோகப்பிளின் தலைப்பகுதிக்கு இடம் மாறிவிடும். உலைக்கருகில் அந்தத் தலை 75 டிகிரியிலும் பேனல் 40 டிகிரியிலும் இருந்தால், கன்ட்ரோலர் ஏறக்குறைய 35 டிகிரி குறைத்துக் காட்டும். பேனலில் 1020 என்று தெரியும்போது எஃகு 1055 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும்.

இந்தப் பிழை நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் உலை ஆறியிருக்கும்போது தெர்மோகப்பிளின் தலையும் பேனலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும். முதல் லோடு சரியாக வரும். பல மணி நேரம் உலை ஓடியபின் தலை சூடேறும். மாலை லோடு கெடும். அப்போது பழி மாலை ஷிஃப்ட் ஆபரேட்டர் மேல் விழுகிறது. பிறகு எஃகு விற்றவர் மேல் விழுகிறது. உலை கொடுத்தவர்களோ, கன்ட்ரோலர் சரியாகக் காட்டுகிறது என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். காலை வேலை நன்றாகவும் மாலை வேலை கெட்டும் வருகிற பட்டறையில் ஆளைக் குறை சொல்லும் முன் ஒயரைப் பார்க்க வேண்டும்.

டி2 எஃகில் இந்தப் பிழை இன்னொரு பொறியும் வைக்கிறது. சுமார் 1.5 சதவீதம் கார்பனும் 12 சதவீதம் குரோமியமும் கொண்ட இந்த எஃகு அளவுக்கு மீறிச் சூடானால் கார்பைடுகள் கூடுதலாகக் கரைந்துவிடும். ஆறும்போது கடின அமைப்பாக மாற வேண்டிய ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி, ஆறிய பின்னும் மாறாமல் எஞ்சும். ஹார்ட்னஸ் எதிர்பார்த்ததைவிடக் குறையும். ஹார்ட்னஸ் குறைந்தால் சூடு போதவில்லை என்று எண்ணி செட்டிங்கை 20 டிகிரி ஏற்றுவது பட்டறை வழக்கம். அதனால் அடுத்த லோடு இன்னும் மோசமாகும். எஞ்சிய ஆஸ்டெனைட் பின்னர் வேலையின்போது மாறத் தொடங்கினால் டையின் அளவு கூடும், விரிசலும் விழலாம். சோதித்தறிய வழி உண்டு. ஹார்ட்னஸ் குறைந்த துண்டை உலர்பனிக்கட்டியில் மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து மீண்டும் அளக்க வேண்டும். எண் தெளிவாக உயர்ந்தால் அது அதிகச் சூட்டின் விளைவு; உயராவிட்டால் சூடு குறைவாக இருந்திருக்கலாம், அல்லது மேற்பரப்பில் கார்பன் போயிருக்கலாம்.

சரியான கேபிள் இருந்தும் துருவம் மாறினால் பிழை இரு மடங்காகும். அமெரிக்க வண்ண முறையில் கே வகைக்கு மஞ்சள் பாசிட்டிவ், சிவப்பு நெகட்டிவ். சிவப்பைப் பாசிட்டிவாகவே பார்த்துப் பழகிய எலக்ட்ரீசியன் கேபிளின் இரு முனைகளிலும் மாற்றிப் போடுவது எளிதில் நடக்கும். ஒரு முனையில் மட்டும் மாறினால் எண் பின்னோக்கி ஓடுவதால் உடனே தெரிந்துவிடும். இரு முனைகளிலும் மாறினால் தெரியாது. தெர்மோகப்பிளிலேயே எது எது என்று அறிய ஒரு காந்தம் போதும்: நெகட்டிவான அலுமெல் கம்பி காந்தத்தில் ஒட்டும், பாசிட்டிவான குரோமெல் ஒட்டாது.

தெர்மோகப்பிளும் முதுமை அடையும். ஆக்சிஜன் குறைந்த சூழலில் 800 முதல் 1050 டிகிரி வரை நெடுநாள் இருந்தால் குரோமெல் கம்பியின் குரோமியம் மட்டும் அரிக்கப்பட்டு, அதில் பச்சை நிறப் படிவு உண்டாகும். அதன்பின் எண் குறைவாகவே தெரியும். எஃகு மீண்டும் அதிகமாக வேகும். இத்தகைய வேலைக்கு ‘என்’ (N) வகை தெர்மோகப்பிள் நெடுநாள் நிலைத்திருக்கும். ஆனால் அதற்குரிய கேபிளும் கன்ட்ரோலர் செட்டிங்கும் உடன் மாற வேண்டும்.

இத்தனை பிழைகளையும் ஒரே சோதனையில் பிடித்துவிடலாம். என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அளவுத்திருத்தம் செய்த தனித் தெர்மோகப்பிளை, உலையின் தெர்மோகப்பிள் முனைக்கு அருகே நிறுத்தி, தனி மீட்டரில் படிக்க வேண்டும். உலை பல மணி நேரம் ஓடியபின் இதைச் செய்வது அவசியம். காலையில் செய்யும் சோதனை குறையை மறைத்துவிடும். உலையை ஏற்றுக்கொண்டு கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். பணம் கைமாறியபின் கேட்பாரில்லை.

அடுத்தது அறையின் சீர்மை. எட்டு மூலைகளிலும் நடுவிலுமாக 9 இடங்களில் தெர்மோகப்பிள் வைத்துப் பார்க்க வேண்டும். வானூர்தித் துறையின் ஏ.எம்.எஸ். 2750 தரநிலை, 2ஆம் வகுப்பு உலைக்கு ±6 டிகிரியும் 5ஆம் வகுப்புக்கு ±14 டிகிரியும் அனுமதிக்கிறது. கதவோரம் சூடு குறைவாக இருப்பது பெட்டி உலையின் இயல்பு. அந்தப் பகுதியை அடையாளமிட்டு லோடு வைக்காமல் விட்டுவிடலாம்.

லோடு ஏற்றுவதில் விதிகள் சில: டி2 துண்டை 650 டிகிரியிலும் 850 டிகிரியிலும் நிறுத்தி ஏற்ற வேண்டும். கார்பன் போகாமலிருக்க ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றலாம், அல்லது வார்ப்பிரும்புச் சீவலில் புதைக்கலாம். ஊறும் நேரம், துண்டின் நடுப்பகுதி சூட்டை எட்டியபின்தான் தொடங்குகிறது. இடையில் கரண்ட் போய்ச் சிறிது நேரத்தில் வந்தால், சூடு மீண்டபின் நேரத்தைப் புதிதாக எண்ண வேண்டும். உலையிலேயே முழுதும் ஆறிவிட்ட துண்டை அனீல் செய்யாமல் மறுபடி ஹார்டனிங் செய்யக் கூடாது. ஆறவிடும்போது 50 முதல் 70 டிகிரிக்கு வந்ததும் டெம்பரிங் தொடங்க வேண்டும். டி2வுக்கு இருமுறை டெம்பரிங் தேவை.

ஒவ்வொரு லோடுக்கும் வெப்பநிலை சார்ட், தெர்மோகப்பிள் மாற்றிய தேதி, ஒப்பீட்டுச் சோதனையின் அளவு ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். ஆர்டர் கொடுப்பவர் ஹார்ட்னஸ் எண்ணை மட்டும் கேட்டாலும் சார்ட்டையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். டை விரிசல் விட்டதாகப் புகார் வரும் நாளில், குறை எஃகிலா, வரைபடத்தின் கூர்முனையிலா, உலையிலா என்று பிரித்துச் சொல்ல அது ஒன்றே சான்று. அது இல்லாத பட்டறையின் மேல் பழியைப் போட்டு, பில்லில் பணத்தையும் கழித்துவிடுவார்கள்.