முதல் கேமுக்கு எந்தக் கருவி?

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புப் பக்கம் சாம்பல் நிற அணிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது தரையில் இறங்குவது அபூர்வம். கிளையோடு கிளை நெருங்கியிருந்தால்தான் அதற்குப் பாதை. தாவு, விழாதே, கூட்டுக்குப் போய்ச் சேர் என்று இதற்குள்ளேயே ஒரு வீடியோ கேம் இருக்கிறது. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீட்டில் உட்கார்ந்து முதல் கேம் செய்யப்போகும் ஒருவர், இந்த அணில் கேமைச் செய்வதாக வைத்துக்கொண்டு கருவிகளை ஒப்பிடுவோம்.

ஸ்கிராட்ச்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்டது, இலவசம். நிரல் எழுத வேண்டாம், கட்டளைக் கட்டைகளை அடுக்கினால் போதும். நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு இதைத்தான் சொல்வேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அணில் தாவத் தொடங்கிவிடும். ஆனால் முடித்த கேமை நேரடியாக ஃபோன் செயலியாக மாற்ற வழியில்லை.

கோடோ

அர்ஜென்டினாவில் பிறந்தது, 2014 முதல் திறமூலம். கட்டணமும் இல்லை, வருமானத்தில் பங்கும் இல்லை. பதிவிறக்கம் சிறியது. பழைய கணினிக்கென்றே எளிய வரைகலை முறை ஒன்றும் உண்டு. இதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழி பைத்தானைப் போன்றது. பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் படித்தவருக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

எனக்கு முக்கியமான காரணம் இன்னொன்று. 2023-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்து சரியாக வருகிறது. 'கொ' என்று எழுதினால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும். அடுத்து வரும் யூனிட்டியில் எழுத்தைக் காட்டப் பலரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் இதற்குத் தனியாக மெனக்கெட வேண்டும்.

யூனிட்டி

வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் இது. மொழி சி ஷார்ப். பாடங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நிறுவவே பல ஜி.பி. இடம் பிடிக்கும். 2023 செப்டம்பரில், கேம் எத்தனை முறை நிறுவப்படுகிறதோ அதற்கேற்பக் கட்டணம் என்று அறிவித்துப் பலரின் கோபத்தைச் சம்பாதித்தார்கள்; ஓராண்டு கழித்துக் கைவிட்டார்கள். நிபந்தனை மாறக்கூடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அன்ரியல்

முப்பரிமாணக் காட்சிக்கு இதன் பிரம்மாண்டம் தனி. ஒரு கேம் 10 லட்சம் டாலர் ஈட்டும்வரை பங்கு கேட்பதில்லை. அதற்கு மேல் 5 சதவீதம். ஆனால் வலுவான கணினி வேண்டும். அரசின் விலையில்லா மடிக்கணினியில் இதை முயல வேண்டாம். கிளை தாவும் அணிலுக்கு இத்தனை பெரிய பட்டறை தேவையும் இல்லை.

எங்கே வெளியிடுவது?

இட்ச்.ஐஓ தளத்தில் கட்டணமே இல்லை. முதல் கேமுக்கு அதுவே போதும். கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்குத் தொடங்கினால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஸ்டீமில் கேம் ஒன்றுக்கு 100 டாலர். இரண்டாவது, மூன்றாவது கேமுக்கு யோசிக்கலாம்.

என் முடிவு

பள்ளிப் பிள்ளைக்கு ஸ்கிராட்ச், மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கோடோ, தொழிலாக்க நினைப்பவருக்கு யூனிட்டி.

கருவியைவிட முக்கியம் கேமின் அளவு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. இட்லி அவிப்பதுதான் அதன் முதல் புதிர். இரண்டு மணி நேரத்துக்குள் ஆடி முடித்துவிடலாம். அந்தச் சின்ன கேம் 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை வாங்கியது. இட்லி புதிராகும் என்றால், அடிப்பிடிக்காமல் பால்கோவா கிண்டுவதும் ஆகும்.

ஆகவே பத்துக் கட்டம் வேண்டாம். ஒரே கட்டம் செய்யுங்கள். அதை வீட்டில் ஒருவர் கையில் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அதைத் திருத்துங்கள். அவர் கடைசிவரை ஆடி முடித்த பிறகு இரண்டாம் கட்டத்தைத் தொடங்குங்கள்.